புண்ணில்லாத எரிச்சல்

என் அம்மாவுக்கு வயது 61. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், பச்சை மிளகாயைக் கடித்துவிட்டது போல நாக்கின் நுனி எரிகிறது என்று சொல்லத் தொடங்கினார். உடம்புச் சூடு என்று எண்ணெய்க் குளியல், வாய்ப்புண்ணாக இருக்கும் என்று மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சத்து மாத்திரை என்று மூன்று மாதங்கள் ஓடின. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தால் புண் இல்லை, வெடிப்பு இல்லை, வெண்படலமும் இல்லை. காலையில் எழும்போது தொல்லை குறைவாக இருக்கும். பொழுது சாயச் சாய ஏறும். சாப்பிடும் நேரத்தில் மட்டும் அடங்கிவிடும். வீட்டில் எங்களுக்குச் சந்தேகம் வந்ததே இந்தக் கடைசிச் செய்தியால்தான். எரிகிற வாயால் ரசஞ்சாதம் எப்படிச் சாப்பிட முடிகிறது என்று நானே ஒருநாள் கேட்டேன். "பொய்யா சொல்றேன்?" என்று அவர் திருப்பிக் கேட்டது இன்னும் உறுத்துகிறது.

வாய்நோய்களில் சிறப்புப் பட்டம் பெற்ற ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, நாங்கள் நம்ப மறுத்த அந்தச் செய்தியையே அவர் முக்கியமான அடையாளமாக எடுத்துக்கொண்டார். பர்னிங் மவுத் சிண்ட்ரோம் எனப்படும் வாய் எரிச்சல் நோய் உள்ள பலருக்கு உண்ணும்போது எரிச்சல் தணியும் என்றார். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாக, மூன்று மாதங்களைக் கடந்தும் எரிச்சல் தொடர்ந்து, வாயில் பார்வைக்கு எந்தக் கோளாறும் தென்படாவிட்டால் இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது அதிகம். ஆனால் பெயர் சூட்டும் முன் மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை நடந்தது. பூஞ்சைத் தொற்று இல்லை என்று உறுதியானது. அம்மா இரத்த அழுத்தத்துக்கு எடுத்துவந்த எனாலாப்ரில் வகை மருந்தும் சிலருக்கு இப்படிச் செய்யும் என்பதால், பொது மருத்துவரின் ஒப்புதலோடு அது மாற்றப்பட்டது. எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. இத்தகைய நோயாளிகளின் நாக்கிலிருந்து சிறு துணுக்கெடுத்துச் சோதித்த ஆய்வுகளில், மேல்தோலில் உள்ள நுண்ணிய நரம்பிழைகள் குறைந்திருப்பது தெரிந்திருக்கிறது. புண்ணைத் தேடிக்கொண்டிருந்த எங்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

குளோனாசெபாம் மாத்திரையை வாயில் கரையவிட்டுப் பிறகு துப்பிவிடும் முறையை மருத்துவர் முதலில் சொன்னார். தூக்க மருந்து என்று கேள்விப்பட்டதும் அம்மா மறுத்துவிட்டார். அதன் பிறகே குறைந்த ஆற்றல் லேசர் பற்றிய பேச்சு வந்தது. லேசர் என்றதும் நானும் அறுவையைத்தான் நினைத்தேன். இது சதையை அறுப்பதுமில்லை, சுடுவதுமில்லை. 1960களின் இறுதியில் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மழித்த எலிகளின் தோலில் ரூபி லேசரைச் செலுத்தியபோது, ஒளி பட்ட இடத்தில் முடி விரைவாக வளர்வதைக் கண்டார். இந்தச் சிகிச்சையின் தொடக்கம் அங்கேதான். சிவப்பு ஒளியையும் அதை அடுத்த அகச்சிவப்பையும் உயிரணுக்களுக்குள் ஆற்றலை உருவாக்கும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி கூடி அழற்சியும் வலியும் தணிகின்றன என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

அம்மாவுக்கு 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, வாரம் இரண்டு முறையாகப் பத்து அமர்வுகள். கருவியை இயக்கியவர், அம்மா, ஓரத்தில் நின்ற நான் என மூவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. பேனா அளவுள்ள முனையை நாக்கின் நுனியிலும் ஓரங்களிலும் புள்ளி புள்ளியாகச் சில விநாடிகள் வைத்து எடுத்தார்கள். "சூடே இல்லையே, கரண்ட் வருதா?" என்று முதல் நாள் அம்மா கேட்டார். எரிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் மாலைதோறும் எழுதி வைத்தார். எட்டில் தொடங்கியது, நான்காம் அமர்வு வரை அசையவில்லை; பத்தாவது முடிந்தபோது மூன்று.

ஒளியால்தான் இறங்கியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். கருவியை இயக்காமல் முனையை மட்டும் வைத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், அந்தப் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கும் எரிச்சல் குறைந்திருக்கிறது. இந்நோய்க்கான எல்லாச் சிகிச்சைகளையும் அலசி 2016இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, 23 ஆய்வுகளையும் 1121 பேரையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, எதற்கும் உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது. லேசரைப் பொறுத்தவரை ஆய்வுக்கு ஆய்வு அலைநீளமும் அளவும் அமர்வுகளின் எண்ணிக்கையும் மாறுவதால் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதும் கடினம். புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இதே ஒளியைச் சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. அந்த அளவுக்கு வலுவான சான்று இந்த எரிச்சல் நோய்க்கு இன்னும் சேரவில்லை. ஆகவே, நிரந்தரமாகக் குணமாக்குவோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நான் விலகியே நிற்பேன். எங்கள் மருத்துவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. குறைந்தால் குறையும், சில மாதங்களில் திரும்பவும் வரலாம் என்றுதான் சொன்னார்.

வந்தது. ஐந்து மாதங்கள் கழித்துக் காலண்டர் தாள்களில் ஐந்து என்ற எண் தென்படத் தொடங்கியது. மறுபடி லேசருக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, எட்டு வரட்டும், அதுவரை மோர் போதும் என்கிறார் அம்மா.