முகம் பார்த்தே மனசு தெரிகிறது, அப்புறமும் ஒரு சந்தேகம்

எனக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று கொஞ்ச நாளாகவே யோசனை. "உனக்கா? எதிர்ல இருக்கிறவங்க முகத்தைப் பார்த்தே மனசுல இருக்கிறதைச் சொல்லிடுவியேடி!" என்கிறாள் அக்கா. ஆட்டிசம் என்றால் அடுத்தவர் மனசு புரியாது என்பது அவள் எண்ணம்.

உண்மைதான். ஆனால் அது எனக்குத் தானாக வருவதில்லை. கல்யாண வீட்டில் பெரியம்மாவின் புருவம், அத்தையின் குரல் இறங்கும் இடம், எப்போது சிரிப்பது, எவ்வளவு நேரம் கண்ணைப் பார்ப்பது என எல்லாவற்றையும் உள்ளுக்குள் கணக்குப் போட்டபடியே இருப்பேன். வீடு திரும்பி விளக்கை அணைத்துப் படுத்தால் மறுநாள் வரை யாரிடமும் பேச முடியாது. மைக் செட் சத்தமும் ஜரிகை உரசலும் அப்போதும் உடம்பைவிட்டுப் போயிருக்காது.

இப்படிக் கற்றுக்கொண்டு சமாளிப்பதை மாஸ்கிங் என்கிறார்கள். கற்ற உத்திகளால் ஆட்டிசத்தின் அறிகுறிகள் வெளியே தெரியாமல் போகலாம் என்று, மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடே சொல்கிறது. சத்தமும் தொடுதலும் மிகையாக உறுத்துவதை அளவுகோலில் சேர்த்ததும் அதில்தான். பல பெண்களுக்குத் தங்களுக்கு ஆட்டிசம் இருப்பது நடுவயதில்தான் தெரியவருகிறது, அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

சமூகப் பதற்றம் உள்ளவர்களுக்கும் இதில் சிலது இருக்கும். அதனால் நானாக முடிவு கட்டவில்லை. மருத்துவ உளவியலாளரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். சின்ன வயதில் எப்படி இருந்தேன் என்றும் கேட்பார்களாம், அம்மாவையும் கூட்டிப் போகிறேன்.