பங்குனியில் சிவக்கும் கூழா

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் ஒவ்வொரு புரட்டாதி முடிவிலும் அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்புவாள். மேப்பிள் காடு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். போன முறை, "உங்கட பக்கம் இப்பிடி ஒண்டும் இல்லை என்ன?" என்று கேட்டிருந்தாள். பெரியப்பாவிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிக் கனநேரம் பார்த்தார். "பங்குனி வரட்டும் தம்பி, கூழா மரம் காட்டுறன்" என்றார்.

பங்குனியில் ஒரு நாள் கிளிநொச்சியிலிருந்து விடியவே புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, சூடாகக் கச்சானும் வாங்கிக்கொண்டோம். மாங்குளத்தில் இடப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு வீதி, கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர். எங்களுக்கு ஒட்டுசுட்டான் வரை போனால் போதும். அந்தப் பக்கம் கூழாமுறிப்பு என்றே ஓர் ஊர் உண்டு. எத்தனை தரம் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போயிருப்பேன், ஊர்ப்பெயருக்குள் ஒரு மரம் நிற்பதை யோசித்ததே இல்லை.

காட்டுக்குள் பழகிய தடத்தை விட்டு இறங்கப் பெரியப்பா விடவில்லை. யானை ஒரு காரணம், முன்பு மிதிவெடி கிடந்த காடு என்பது மற்றது. பாலையும் வீரையும் எப்போதும் போலக் கரும்பச்சையாக நின்றன. முதிரை பாதி இலை கொட்டியிருந்தது. ஒரு வளைவு தாண்டியதும் அவர் கையை நீட்டினார். "உதுதான்."

மரம் முழுக்கச் சிவப்பு. பூ என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போனால் எல்லாம் தளிர். தாழ்ந்த கொப்பு ஒன்றை அவர் வளைத்துப் பிடித்தார். ஒரு காம்பில் மூன்று இணை இலைகள், ஈரத்துணி போலத் துவண்டு தொங்கின. விரலால் தொட்டால் தொட்ட மாதிரியே தெரியாத மென்மை. வெயிலுக்கு நேரே பிடித்தபோது நரம்புகள் இளமஞ்சளாகவும் மற்றதெல்லாம் செம்பாகவும் தெரிந்தன. மாந்தளிர் நிறம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கூழாத் தளிர் அதைவிடச் சிவப்பு. இலைகளுக்கிடையே கண்ணுக்குச் சட்டென்று படாத சின்னப் பூக்கள், அவற்றில் தேனீக்களின் இரைச்சல்.

மேப்பிளைச் சிவப்பாக்குவதும் கூழாவைச் சிவப்பாக்குவதும் ஒரே வகை நிறமிதான், அந்தோசயனின். அங்கே குளிர் நெருங்க இலையின் பச்சையம் அழிகிறது. உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, சிவப்பு அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. அதோடு இலை விழுந்துவிடும். இங்கே பிறந்த இலைதான் சிவப்பு. பச்சையம் நிறையும் வரை கடும் வெயிலிலிருந்து அந்த நிறம் இளந்தளிரைக் காக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. அவர்கள் காடு போகிறபோது சிவக்கிறது, எங்கள் காடு வருகிறபோது.

திரும்பும் வழியில், ஒரு குளக்கட்டின் கீழே இலுப்பைகள். அவையும் செம்புநிறத் தளிர் விட்டிருந்தன. நிலத்தில் இரவு உதிர்ந்த பூக்கள். பெரியப்பா ஒன்றை ஊதி என் கையில் வைத்தார். தித்திப்பு, கூடவே ஒரு காட்டு மணம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதை அன்றுதான் நாக்கால் அறிந்தேன். மேப்பிள் சாற்றிலும் பாகு காய்ச்சுகிறார்களே என்றேன். "அப்ப அதுவும் நல்ல மரம்தான்" என்றார்.

மச்சாளுக்குப் படங்களை அனுப்பினேன். அங்கே இன்னும் பனி, மரமெல்லாம் மொட்டை என்று பதில் வந்தது. அடுத்த முறை பங்குனியில்தான் வருவாளாம்.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். மரம் பச்சையாகிவிட்டிருந்தது. பெரியப்பா வளைத்த அதே கொப்பின் நுனியில் மட்டும், பிந்தி வந்த ஓர் இணை இலை இன்னும் சிவப்பாகத் தொங்கியது.