வெள்ளவத்தைப் பால்கனியில் ஒரு செவ்வரத்தை

ஏப்ரல் 24

மேல்மாடி அன்ரி மகளிடம் கனடாவுக்குப் போகிறார். அவருடைய செவ்வரத்தைச் சாடி இன்று என் பால்கனிக்கு வந்துவிட்டது. இலைகள் துவண்டு தொங்குகின்றன. "தண்ணீர் காணாது பிள்ளை, நன்றாக ஊற்றுங்கள்" என்றார். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே சேறு. ஈரம் இருந்தும் செடி வாடினால் கோளாறு வேரில்தான். மண்ணின் துளைகளை நீர் அடைத்துவிட்டால் வேருக்கு ஒட்சிசன் கிடைக்காது, அது நீரை உறிஞ்சுவதையும் நிறுத்திவிடும். அந்த நேரத்தில் மேலும் ஊற்றுவது கொடுமை. கீழ்த்தட்டில் நின்ற நீரைக் கொட்டினேன். டெங்கு நுளம்புக்காகவும் கொழும்பில் இதைச் செய்தே ஆக வேண்டும்.

ஏப்ரல் 26

நல்ல வெளிச்சத்தில் இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மஞ்சள் என்றதும் பசளை வாங்க ஓடுகிறவர்கள், எந்த இலை மஞ்சள் என்று முதலில் பார்க்க வேண்டும். நைதரசன் போதாவிட்டால் அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுதாக வெளிறும். மகனீசியம் போதாவிட்டாலும் முதிர்ந்த இலைதான், ஆனால் நரம்புகளுக்கு இடையில் மட்டும் மஞ்சளாகும். பொற்றாசியம் குறைந்தால் முதிர்ந்த இலையின் ஓரம் கருகும். இவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அதனால் அது குறைந்தால் தளிரே வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

இந்தச் செடியில் நுனித் தளிர்கள்தான் பச்சை நரம்போடு வெளுத்திருக்கின்றன. பசளைக் கடையில் எப்சம் உப்பை நீட்டினார்கள். அது மகனீசியம், வேண்டாம் என்று திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 27

சாடியைக் கவிழ்த்தேன். வெளிவேர்கள் பழுப்பாக, தொட்டால் தோல் கழன்று வந்தன. ஒரு புளித்த நாற்றம். நடுவில் வெள்ளை வேர்கள் இன்னும் உறுதியாக இருந்தது பெரிய ஆறுதல். அடியில் நீர் வடிவதற்கென்று யாரோ போட்ட உடைந்த சீமெந்துச் சாந்து! அதிலுள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். காரமான மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாது. சேறும் சுண்ணாம்பும் சேர்ந்து இந்தச் செடியைப் பட்டினி போட்டிருக்கின்றன.

அழுகியதை வெட்டி, தோட்டமண், தும்புத்தூள், மக்கிய எரு, ஆற்றுமணல் கலந்து நட்டேன். அடித்துளைகளையும் பெரிதாக்கினேன். பசளை எதுவும் இடவில்லை. காயப்பட்ட வேரில் பசளையின் உப்புப் பட்டால் இன்னும் கருகும்.

மே 9

பின்னேர இடிமழை விடாமல் பெய்கிறது. சாடியைக் கூரைக்குள் இழுத்துவிட்டேன். மேல்மண் காய்ந்த பிறகே, அதுவும் காலையில், துளைவழி வடியும்வரை தண்ணீர். துவளல் நின்றுவிட்டது. வேர் எளிதில் எடுக்கக்கூடிய வடிவில் வரும் கீலேட் இரும்பை ஒருமுறை கரைத்து ஊற்றினேன்.

மே 25

புதுத்தளிர் பச்சையாகவே விரிகிறது! வெளுத்தவற்றில் சில தேறின, சில தேறவில்லை. ஆனால் கடல் பக்க இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியுள்ளது. பொற்றாசியமா என்று பார்த்தேன். அப்படியென்றால் எல்லாப் பக்கத்து முதிர்ந்த இலைகளிலும் தெரிய வேண்டும். இது தென்மேற்குக் காற்று கொண்டுவரும் உப்பு. இலைகளை நல்ல தண்ணீரால் கழுவி, சாடியைச் சுவரோரம் நகர்த்தினேன். மொட்டு வந்ததும் பொசுபரசு குறைந்த பசளையாகப் பார்த்து வாங்க வேண்டும். பொசுபரசு மிஞ்சினால் இரும்பை மறுபடி தடுக்கும்.