பதினெட்டாவது நிபந்தனை

எங்கள் நகர மையத்தில் ஆறு மாடி ஹோட்டலும் அதன் தரைத்தளத்தில் புதிய பஸ் நிலையமும் கட்டுவதற்கு கவுன்சிலின் பிளானிங் கமிட்டி அனுமதி கொடுத்துவிட்டது. வியாழன் இரவு வாக்கெடுப்பு. வெள்ளி விடிய டிப்போவுக்குப் போனால் எல்லோர் வாயிலும் அதே கதை, எல்லோர் போனிலும் அதே படம். மாலை வெளிச்சம், கண்ணாடி முகப்பு, கோப்பியோடு நடந்து போகும் இளம் ஆட்கள், மூலையில் பாதி தெரியும் ஒரு பஸ்.

நான் இங்கிலாந்தில் இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறேன். திட்டம் வரவேண்டும் என்றுதான் கமிட்டியில் பேசினேன். ஆனால் அனுமதியோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற ஆட்கள் நிறைய. சனத்துக்கு இதில் என்ன கிடைக்கப்போகிறது என்பது அந்தப் படத்தில் இல்லை. அனுமதிக் கடிதத்தோடு இணைத்திருக்கிற நிபந்தனைகளில் இருக்கிறது. அதை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஹோட்டலுக்கு அனுமதி கிடைத்ததில் அதிசயம் இல்லை. இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கைப்படி ஹோட்டல் என்பது நகர மையத்துக்குரிய பயன்பாடு. மோட்டர்வே ஓரமாகக் கட்டப் போகிறவர்தான் மையத்தில் பொருத்தமான இடம் இல்லை என்று காட்டவேண்டும். மையத்துக்கே வருகிறவரிடம் அந்தக் கேள்வி கிடையாது. பக்கத்துத் தெருவில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர், தன் வியாபாரம் படுத்துவிடும் என்று அன்றிரவு குரல் தழுதழுக்கச் சொன்னார். பின்னால் பிளாட்டில் இருக்கிற ஒரு அம்மா வீட்டு விலை இறங்கும் என்றார். இரண்டையுமே கமிட்டி கணக்கில் எடுக்க ஏலாது. போட்டி, வீட்டு விலை, ஜன்னலில் தெரியும் காட்சி எதுவும் திட்டச் சட்டத்தில் எடுபடாது. வெளிச்சம் மறைவது, சத்தம், வீதிப் பாதுகாப்பு, பழைய கட்டடங்களுக்கு வரும் பாதிப்பு, இவைதான் எடுபடும். அந்த விடுதிக்காரரை நினைத்தால் எனக்கு இன்னும் கவலை. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் தனக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தில் தன் பின்முற்றத்தில் விழப்போகும் நிழலைப் பற்றிப் பேசியிருப்பார்.

எனக்கும் மூன்று நிமிடம்தான். எது முதலில் திறக்கும் என்ற ஒன்றை மட்டும் கேட்டேன்.

ஒரே விண்ணப்பம் என்றாலும் காசு இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஹோட்டல் தனியார் முதலீடு, திறந்த அன்றே வருமானம். பஸ் நிலையம் பொதுப் பணம். மானியம் பிந்தலாம், கட்டுமானச் செலவு ஏறலாம், கவுன்சிலில் ஆட்சி மாறலாம். எது நடந்தாலும் தள்ளிப்போவது பஸ் நிலையம்தான். பழைய நிலையத்தை இடித்து, ஹோட்டலைக் கட்டித் திறந்து, மிச்சத்தை ‘இரண்டாம் கட்டம்’ என்று வேலி போட்டு வைத்தால் அதற்குப் பிறகு யாருக்கு அவசரம் இருக்கும்? நார்தாம்ப்டனில் 1976இல் திறந்த கிரேஃபிரையர்ஸ் பஸ் நிலையத்தை 2015 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மாற்று நிலையம் முந்தைய ஆண்டே திறந்திருந்தது, அந்த மட்டில் சரி. ஆனால் இடித்த நிலம், நகரத்தின் நடுவில், வருடக்கணக்காக வெறுமையாகக் கிடந்தது. ஸ்டொக்போர்ட்டில் அப்படி விடவில்லை. தற்காலிக நிலையம் ஒன்றைத் திறந்து பஸ்களை அங்கே மாற்றிவிட்டுத்தான் பழையதில் கை வைத்தார்கள். புதியது 2024 மார்ச்சில் திறந்தது. கூரைமேல் இரண்டு ஏக்கர் பூங்கா, பக்கத்தில் 196 வீடுகள், எல்லாம் ஒரே திட்டத்துக்குள். செய்ய நினைத்தால் செய்யலாம்.

எங்கள் அனுமதியில் பதினெட்டாவது நிபந்தனை இதைப் பற்றியது. அதிகாரியின் அறிக்கையில் முதலில் இருந்தது இவ்வளவுதான்: ஹோட்டல் வேலை தொடங்குமுன் பஸ் நிலையத்துக்கான கால அட்டவணையைக் கவுன்சிலிடம் கொடுக்கவேண்டும். அட்டவணை என்பது ஒரு கடதாசி, அதில் எந்தத் திகதியையும் போடலாம். அந்த இரவில் ஒரு கவுன்சிலர், எங்கள் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிற மனிசி, அதைத் திருத்தக் கேட்டார். இப்போது அது சொல்வது வேறு: பஸ் நிலையம் கட்டி முடிந்து பயணிகளுக்குத் திறக்கும்வரை ஹோட்டலில் ஒரு விருந்தினரும் தங்கக்கூடாது. திருத்தம் ஒரேயொரு வாக்கில்தான் வென்றது.

இந்த வகை நிபந்தனையைக் கிராம்பியன் நிபந்தனை என்பார்கள். ஸ்கொட்லாந்தில் கிராம்பியன் பிராந்தியக் கவுன்சிலுக்கும் அபர்டீனுக்கும் நடந்த வழக்கில் 1980களில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதை ஏற்றுக்கொண்டது. விண்ணப்பக்காரரின் கையில் இல்லாத ஒரு வேலையைச் ‘செய்’ என்று அவருக்குக் கட்டளையிட முடியாது. ஆனால் அந்த வேலை முடியாமல் உன்னுடையதைத் தொடங்காதே, திறக்காதே என்று தடுக்கலாம். ஹோட்டல்காரர் இனிமேல் தன் சொந்த லாபத்துக்காகவே பஸ் நிலையம் எப்போது முடியும் என்று கவுன்சிலை நெருக்குவார். எங்கள் சனம் நூறு கடிதம் எழுதினாலும் வராத வலு இது.

ஆனால் இது அப்படியே நிற்கும் என்று நம்பி இருக்க முடியாது. 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டத்தில் 73ஆம் பிரிவு இருக்கிறது. அனுமதி பெற்றவர் திரும்ப வந்து, இன்ன நிபந்தனையை மாற்றித் தாருங்கள் என்று தனி விண்ணப்பம் போடலாம். ஹோட்டல் பாதி எழுந்து நிற்கும்போது, வங்கி வட்டி ஏறுகிறது, வேலைவாய்ப்பு காத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அந்த விண்ணப்பம் வந்தால் எத்தனை கவுன்சிலர்கள் உறுதியாக நிற்பார்கள்? ஒரு பாதுகாப்பு உண்டு. 73ஆம் பிரிவால் நிபந்தனையை மாற்றலாமே தவிர, எதற்கு அனுமதி கொடுத்தார்களோ அந்த விவரணத்தை மாற்ற முடியாது என்று 2019இல் ஃபின்னி வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் விவரணத்தில் ‘ஹோட்டலும் பஸ் நிலையமும்’ என்று இரண்டும் இருக்கிறது. பஸ் நிலையத்தை அடியோடு தூக்கிவிட முடியாது. பிந்தவைக்க முடியும்.

வேலை தொடங்க மூன்று வருடம் இருக்கிறது. தொடங்குவதற்குச் சட்டம் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. வேலைக்கு முன் நிறைவேற்றவேண்டிய நிபந்தனைகளை முடித்துவிட்டு அத்திவாரத்துக்கு ஒரு குழி வெட்டினாலே போதும், அதன்பின் அனுமதி காலாவதியாகாது. வேலி போட்ட நிலத்துக்குள் ஒரு குழியை மட்டும் பார்த்தால் யோசியுங்கள்.

இனி வரைபடம். வடிவாகத்தான் கீறியிருக்கிறார்கள், ஒரு மூலையைத் தவிர. பஸ் திரும்பும்போது சில்லுகளும் பெட்டியும் எந்தக் கோட்டில் போகும் என்று கணினியில் போட்டுப் பார்ப்பார்கள். தாளில் அது ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்த கோடுகளாக வரும். மேற்கு வாசலில் அந்தக் கோடுகள் நடைபாதை விளிம்பை முட்டிக்கொண்டு போகின்றன. ஏறத்தாழ பதினொரு மீட்டர் நீளமான டபுள் டெக்கரை இடப்பக்கம் ஒடித்தால் அதன் பின்பக்கம் வலப்பக்கமாக வெளியே வீசும். ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவனுக்கு அது கண்ணாடியில் தெரியும். ஹோட்டல் வாசலில் சூட்கேஸோடு டாக்சிக்கு நிற்கிறவருக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் ஹோட்டலின் ஏற்றி இறக்கும் இடமும் போட்டிருக்கிறார்கள். அதை வடக்குப் பக்கம் மாற்றச் சொல்லி எழுதினேன். விவரமான வடிவமைப்பின்போது பார்ப்பதாகப் பதில் வந்தது. அந்த வடிவமைப்பைப் பற்றிய நிபந்தனையின் இலக்கம் இருபத்தாறு.

தரிப்பிடங்கள் முன்னால் நுழைந்து பின்னால் எடுக்கும் வகை. இதில் எனக்குக் குறையில்லை. பயணிகள் கண்ணாடிக் கதவுக்குள் நிற்பார்கள், பஸ் வந்து நின்றபிறகுதான் கதவு திறக்கும். ஓடுபாதையைக் குறுக்கே கடக்கும் ஆபத்து ஒருவருக்கும் இல்லை, குளிர்காற்றும் உள்ளே வராது. நடைச்சட்டகம் பிடித்து வருகிற ஒரு பாட்டி பழைய நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகளைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு வருவார். அவர் நடுவில் இருக்கும்போது பின்னால் இருப்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அவருக்காகவே இந்த நிலையம் வரவேண்டும் என்று சொல்வேன். ஆனால் இந்த வகையில் ஒவ்வொரு பஸ்ஸும் பின்னுக்கு எடுத்துத்தான் வெளிக்கிடவேண்டும், நேரம் பிடிக்கும். அடுத்த பயணம் வரை பஸ் சும்மா நிற்க வேறு இடம் வேண்டும். அது குறைவாக இருந்தால் பஸ்கள் தரிப்பிடத்திலேயே நின்றுவிடும், பின்னால் வருவது வீதியில் நிற்கும். ஐந்தரை மணி நேரம் ஓட்டினால் குறைந்தது முப்பது நிமிட இடைவேளை எடுக்கவேண்டும் என்பது எங்களுக்குச் சட்டம். அந்த முப்பது நிமிடத்துக்கு ஓட்டுநர் அறையும் கழிவறையும் முதல் வரைபடத்தில் இல்லவே இல்லை. இப்போது இருக்கிறது, தொழிற்சங்கம் விடாமல் எழுதியதால்.

முதல் பஸ் ஐந்து மணிக்கு வெளிக்கிடும். ஆஸ்பத்திரி ஆட்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், கிடங்கு ஆட்கள் ஏறுவார்கள். மேலே காசு கட்டிப் படுத்திருப்பவர்கள் சத்தம் என்று முறையிட்டால் யார் விட்டுக்கொடுப்பது? பிறகு வருகிற கட்டடம்தான் ஏற்கெனவே நடக்கிற தொழிலின் சத்தத்தைத் தாங்கிக்கொள்ளத் தன்னைத் தயார்படுத்தவேண்டும் என்ற கோட்பாடு 2018இலிருந்து தேசியக் கொள்கையில் இருக்கிறது. ஆனால் இங்கே இரண்டும் ஒன்றாக எழுகின்றன. அதனால்தான் அறைகளுக்கான ஒலித்தடுப்பும் காற்றோட்டமும் அதிகாலைப் பஸ்களைக் கணக்கில் எடுத்து வடிவமைக்கப்படவேண்டும் என்று நிபந்தனையிலேயே எழுதவைத்தோம். எங்கள் ஐந்து மணி பஸ்ஸை ஒருவரும் தொடக்கூடாது.

அடுத்து வரப்போவது, கட்டுமானம் முடியும்வரை பஸ்கள் நிற்கப்போகும் தற்காலிகத் தரிப்பிடங்களின் விவரம். நிபந்தனைகள் கேட்கும் விவரங்களைக் கொடுக்கும் இப்படியான விண்ணப்பங்களுக்கு அயலவருக்குக் கடிதம் அனுப்பவேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. கவுன்சில் தளத்தின் வாராந்தப் பட்டியலை நாங்கள்தான் பார்க்கவேண்டும். பார்க்கும்போது இதைக் கவனியுங்கள்: கூரையுள்ள நிழற்குடை உண்டா, இருக்கை உண்டா, சக்கர நாற்காலிக்காகப் பஸ்ஸிலிருந்து சாய்பலகை இறக்கினால் நடைபாதையில் திரும்ப இடம் மிஞ்சுமா, இரவில் வெளிச்சம் எப்படி. ‘கட்டுமானம் முடியும்வரை’ என்றால் அது இரண்டு குளிர்காலமாவது வரும். விண்ணப்ப இலக்கம் வேண்டுமென்றால் என் பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கும்போது கேளுங்கள், எழுதித் தருகிறேன்.