பாக்கின் ஐந்து குரல் மோட்டெட், வயலின் முதல் டபுள் பேஸ் வரை: இதுவரை ஆன வேலை

தந்தி வாத்தியக் குழுவுக்காக மாற்றி எழுத எடுத்துக்கொண்டது யோஹான் செபாஸ்டியன் பாக்கின் ‘யேசு, மைனெ ஃப்ராய்டெ’ என்ற மோட்டெட், அதாவது பல குரல்கள் சேர்ந்து பாடும் சமயப் பாடல். 11 பகுதிகள், சுருதி இ மைனர். முதல் பகுதிக்கும் கடைசிப் பகுதிக்கும் வார்த்தைதான் வேறு, இசை ஒன்றே. ஆகவே எழுத வேண்டியது 10.

குரலைத் தந்தி வாத்தியத்தில் வாசிப்பது புதிதல்ல. 1729-இல் வந்த ‘டெர் கைஸ்ட் ஹில்ஃப்ட்’ மோட்டெட்டில் முதல் குழுப் பாடகர்களோடு தந்திகளும் இரண்டாம் குழுவோடு ஊதுகருவிகளும் சேர்ந்து வாசித்த தாள்கள் இன்றும் உள்ளன.

ஐந்து குரல்கள், மேலிருந்து கீழாக: இரண்டு சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். இரண்டு சோப்ரானோவும் முதல், இரண்டாம் வயலினுக்கு. ஆல்டோவையும் டெனரையும் வயோலாவுக்குள்ளேயே பிரித்தால் நான்கு வயோலா இரண்டிரண்டாகி நடுப்பகுதி மெலிந்துவிடுகிறது. ஆல்டோவை மூன்றாம் வயலினுக்குக் கொடுத்ததும் சரியானது. வயலின் தன் கடைசிக் கம்பியான ஜி-க்குக் கீழே போகாது என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். டெனர் வயோலாவுக்கு, பேஸ் செல்லோவுக்கு. டபுள் பேஸ் அதையே ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே ஒலிக்கும். சுருதியை டி மைனருக்கு இறக்காதீர்கள்: நான்கு கம்பி டபுள் பேஸில் கீழ் டி கிடையாது. சோப்ரானோவை ஆக்டேவ் ஏற்றும் ஆசையும் வேண்டாம், நடுவில் பள்ளம் விழும்.

அதிக நேரம் பிடித்தது இரண்டாம் பகுதி. ‘நிஹ்ட்ஸ்’, அதாவது ‘ஒன்றுமில்லை’ என்ற சொல், மௌனம் விட்டு மௌனம் விட்டுத் திரும்ப வருகிறது. பாடகருக்குக் கடைசி ‘ட்ஸ்’ ஒலியே கதவைச் சாத்திவிடும். வில்லைத் தூக்கினால் கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும், மௌனம் கெட்டுவிடும். வில்லைக் கம்பி மேலேயே நிறுத்தச் சொல்லி ஒவ்வொரு தாளிலும் குறித்தபின்தான் அந்தச் சொல் கேட்டது. இதற்காகவே எல்லாத் தாளிலும் ஸ்வரங்களுக்குக் கீழே ஜெர்மன் வரிகளை அச்சிட்டிருக்கிறது. ஓர் அசைக்கு ஒரு வில் என்பதே அடிப்படை.

ஒன்பதாம் பகுதி ‘குட்டெ நாஹ்ட்’ பேஸ் குரல் இல்லாதது. டபுள் பேஸ் முழுக்கச் சும்மா இருக்கும். டெனரே அடித்தளம், அதனால் இங்கே அது செல்லோவுக்கு. ஆல்டோவில் வரும் பாடல் மெட்டு வயோலா முழுவதற்கும். மெட்டு இ, டி, சி, பி, ஏ என்று இறங்குகிறது. சும்மா விட்டால் முதல் இரண்டு ஸ்வரம் டி கம்பியிலும் மற்றவை ஜி கம்பியிலும் விழுந்து, ஒரே வரி இரண்டு ஆள் பாடுவதுபோல் ஆகிறது. முழுவதையும் ஜி கம்பியிலேயே வாசித்தால் நிறம் ஒன்றாகிறது, கொஞ்சம் கம்மிய குரலாகவும். மேலே வயலின்களைப் பாதி ஆளாகக் குறைத்தாயிற்று.

ஆறாம் பகுதி ஃப்யூக், அதாவது ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் வடிவம். அதில் ‘கைஸ்ட்லிஹ்’ சொல்லின் நீண்ட ஓட்டத்துக்கு அந்த ஓரசை விதி பொருந்தவில்லை. ஒரே வில்லில் ஒலி பாதியிலேயே தேய்கிறது. இப்போதைக்கு நான்கு நான்கு ஸ்வரமாகப் பிரித்திருக்கிறது.