கோல்மன்ஸ்கோப்: எந்த பெர்மிட் வாங்குவது?

நமீபியாவில் கைவிடப்பட்ட வைரச் சுரங்க ஊரான கோல்மன்ஸ்கோப்புக்கு இரண்டு வகை பெர்மிட் உண்டு. சாதாரண பெர்மிட்டில் காலையில் உள்ளே போய் மதியம் ஒரு மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். வழிகாட்டியோடு சுற்றுவதும் அதிலேயே அடக்கம். விலை கூடின புகைப்பட பெர்மிட் இருந்தால் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை இருக்கலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். விடிகாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக இறங்கும்போதுதான் அந்த வீடுகளைப் பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் எல்லாம் ஒரே வெளுப்பு.

தங்கியது பக்கத்துக் கடலோர ஊரான லூடரிட்ஸில். அங்கிருந்து பத்து கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை. காரை ஓரங்கட்டிவிட்டு மணலில் இறங்கி நடக்கும் ஆசை மட்டும் வேண்டாம். 1908 முதல் தடைசெய்யப்பட்ட வைரப் பகுதி அது. உரிமமில்லாமல் பட்டை தீட்டாத வைரக் கல்லைக் கையில் வைத்திருப்பது அந்த நாட்டில் இன்றும் குற்றம்.

உள்ளே முதலில் நுழைந்தது ஒரு பெரிய வீடு. கதவு பாதி திறந்தபடி மணலில் புதைந்திருந்தது. பக்கவாட்டில் நுழைய வேண்டியிருந்தது. அறைக்குள் மணல் ஜன்னல் உயரத்துக்கு ஏறி நிற்கிறது. அதற்கு மேலே சுவரில் நீலப் பட்டையும் பூ வேலைப்பாடும் அப்படியே இருக்கின்றன.

படம் எடுத்தது போதும் என்று வழிகாட்டியோடு சேர்ந்துகொண்டேன். இதைத் தவிர்க்காதீர்கள். 1908-ல் ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்காரியாஸ் லெவாலா என்ற தொழிலாளிதான் முதல் வைரக் கல்லை எடுத்து மேலதிகாரி ஆகஸ்ட் ஷ்டாவுக்கிடம் காட்டினார். ஷ்டாவுக் கோடீஸ்வரரானார் (கடைசியில் ஒன்றுமில்லாமல்தான் 1947-ல் செத்தார்). லெவாலாவுக்கு வெகுமதி என்று எதுவும் கிடைக்கவில்லை.

பாலைவனத்துக்கு நடுவே ஐஸ் தொழிற்சாலை, நாடக அரங்கு, மருத்துவமனை, பௌலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்) விளையாடும் கூடம் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். பௌலிங் கூடம் இன்னும் கிட்டத்தட்ட முழுதாக நிற்கிறது. மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவியும் இருந்தது. தொழிலாளிகள் கல்லை விழுங்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும் அது பயன்பட்டது. ஊர் செழித்திருந்தபோது வயது வந்த ஜெர்மானியர்கள் சுமார் 300 பேர், ஓவாம்போ இனத்து ஒப்பந்தத் தொழிலாளிகள் சுமார் 800 பேர் என்கிறார்கள். ஆனால் நாம் போய்ப் பார்க்கும் வீடுகள் எல்லாம் மேலாளர் வீடு, கணக்கர் வீடு, ஆசிரியர் வீடு. அந்த 800 பேர் எங்கே படுத்தார்கள் என்று வழிகாட்டியிடம் நீங்களாகக் கேட்டால் நல்லது.

1928-ல் தெற்கே ஆரஞ்சு ஆற்றுப் பக்கம் இதைவிட வளமான வைரப் படிவு கிடைத்ததும் ஊர் காலியாகத் தொடங்கியது. 1956-க்குள் ஒருவரும் இல்லை.

மதியத்துக்கு மேல் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. முழுநாள் பெர்மிட் கையில் இருந்தும் இடையில் லூடரிட்ஸ் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மாலையில்தான் திரும்பினேன். அப்புறம் ஒன்று: வாடகைக் கார் எடுக்கும்போது மணற்காற்றால் பெயின்டும் கண்ணாடியும் கெட்டால் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். பல திட்டங்களில் அது சேராது, தனியாகப் பணம் கட்ட வேண்டும்.