வாடகைக்கு விட ஃபிளாட்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் போடும் கணக்கு

சென்னையில் வாடகைக்கு விடுவதற்கென்று பழைய ஃபிளாட் வாங்கப் போனால், புரோக்கர் சொல்வது இரண்டே எண்கள்தான். உதாரணமாக, விலை 60 லட்சம், வாடகை 18,000. ஆண்டுக்கு 2.16 லட்சம், அதாவது 3.6 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

முதலில் விலை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்துக்கு 5.40 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் இது இன்னும் ஏறும். கமிஷன் 1 சதவீதம் என்றால் 60,000. பெயின்ட், குழாய், வயரிங் வேலைக்கு 1.5 லட்சம். மொத்தம் 67.5 லட்சம். விலை 50 லட்சத்தைத் தொட்டாலே 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்பவரின் வருமான வரிக்கென்று, விலையிலிருந்து பிடித்துக் கட்ட வேண்டும். அது விற்பவர் பணம்தான், ஆனால் கட்ட மறந்தால் வட்டியும் அபராதமும் வாங்குபவர் தலையில் விழும்.

அடுத்தது வாடகை. ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 18,000 போச்சு. அந்த மாதத்து மெயின்டனன்ஸ் 3,000 நம்முடையது. சொத்து வரி 6,000. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறினால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, ஆண்டுக்கு 9,000 என்று வைக்கலாம். ரிப்பேருக்கு 18,000. காலி செய்பவரிடம் ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்கென்று பிடிப்பது இங்கே வழக்கம், ஆனால் முழு வீட்டுக்கும் அடிக்க அது பெரும்பாலும் போதாது. மொட்டை மாடி ஒழுகினாலோ, போர் மோட்டார் எரிந்தாலோ அசோசியேஷன் கேட்பதும் இந்த 18,000-இல்தான் வர வேண்டும். கையில் நிற்பது 1.62 லட்சம், 67.5 லட்சத்துக்கு 2.4 சதவீதம்.

இதில் 40 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் இஎம்ஐ சுமார் 34,700. வாடகையில் மாதம் 13,500 வரும், மீதி 21,200 சம்பளத்திலிருந்து போக வேண்டும். வரிச் சலுகை ஈடுகட்டும் என்று பலர் சொல்வது பழைய வரி முறையில் ஓரளவு உண்மை. முதல் ஆண்டு வட்டி சுமார் 3.37 லட்சம். சொத்து வரியும் வருமான வரிச் சட்டம் தரும் 30 சதவீதக் கழிவும் போன வாடகையில் அதைக் கழித்தால் ஏறக்குறைய 2 லட்சம் நஷ்டம். அதிகபட்சம் 2 லட்சம் வரை சம்பள வருமானத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. எந்த முறையில் இருக்கிறோம் என்று பார்க்காமல் கடன் தொகையை முடிவு செய்பவர்கள்தான் பிறகு திணறுகிறார்கள்.

போட்ட மொத்தப் பணமும் 8.5 சதவீதம் ஈட்ட வேண்டுமென்றால், ஃபிளாட்டின் விலை ஆண்டுக்கு 7 சதவீதமாவது ஏற வேண்டும். கட்டடம் பழசாகப் பழசாக மதிப்பு இறங்கும், ஏறுவது மண்தான். ஆகவே பத்திரத்தில் யுடிஎஸ், அதாவது மண்ணில் ஃபிளாட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று பாருங்கள். 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு 450 இருப்பதும் 250 இருப்பதும் ஒரே விலைக்குரியவை அல்ல. 250-தான் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இறங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பேரம் படிந்தால், விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: பத்திரக் கோளாறால் வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வர வேண்டும் என்று, நாள் கணக்கையும் எழுதி.